உறுதி தராத வலையமைப்பு

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி அறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

கணினி வலையமைப்புப் பாடத்தில், தகவலைச் சம அளவுத் துண்டுகளாக்கி அனுப்பும் ஏடிஎம் முறையை இன்னும் வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வைத்திரு, ஆனால் அதை வெறும் வரைபடமாக அல்லாமல், இரு தரப்பும் வாதாடிய ஒரு வழக்காக நடத்து.

குரல், காட்சி, தரவு மூன்றும் ஒரே கம்பியில் செல்ல வேண்டும் என்பதில் 1990களின் ஆய்வாளர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை; எப்படி என்பதில்தான் பிரிந்தார்கள். அழைப்பு தொடங்கும்போதே வழிநெடுக இடம் ஒதுக்கிவிட வேண்டும் என்றனர் ஏடிஎம் தரப்பினர். அதன் செல் எனப்படும் தகவல் துண்டு 53 பைட் என்ற விசித்திர அளவுக்கு வந்த கதையை மாணவர்கள் ரசிப்பார்கள். தரவுக்கு 64 பைட் வேண்டும் என்று அமெரிக்கர்களும், 32 போதும் என்று ஐரோப்பியர்களும் நிற்க, நடுவே 48இல் சமாதானமாகி, போகும் வழி முதலிய குறிப்புகளைத் தாங்கும் தலைப்புக்கு 5 பைட் சேர்த்துக்கொண்டார்கள். ஐரோப்பியரின் பிடிவாதத்திலும் நியாயம் இருந்தது. விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் வரும் தொலைபேசிக் குரல் 32 பைட்டை 4 மில்லிவிநாடியில் நிரப்பிவிடும், 64 பைட்டுக்கோ 8 ஆகும். தாமதம் கூடினால் எதிரொலி நீக்கும் கருவிகளுக்கும் செலவழிக்க வேண்டும்.

இணையத் தரப்பினரோ, வலையமைப்பு எந்த உறுதியும் தர வேண்டாம், இரு முனைக் கணினிகளும் சமாளித்துக்கொள்ளட்டும் என்றார்கள். 1992 மார்ச்சில் சான் டியேகோவில் கூடிய, இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் கூட்டத்து ஒலியை இணையத்திலேயே பல இடங்களுக்கு அனுப்பிக் காட்டினார்கள். ஹென்னிங் ஷுல்ஸ்ரின், ஸ்டீபன் காஸ்னர், ரான் ஃபிரெடரிக், வான் ஜேக்கப்சன் ஆகிய நால்வர் எழுதிய, ஒலியையும் காட்சியையும் உடனுக்குடன் அனுப்புவதற்கான ஆர்டிபி நெறிமுறை 1996 ஜனவரியில் வெளிவந்தது. அதன் 12 பைட் தலைப்பில் முக்கியமானவை வரிசை எண்ணும் நேரக்குறியும்தான். பெறும் கணினி, பாக்கெட்டுகள் எனப்படும் தகவல் பொட்டலங்களைச் சற்று நிறுத்திவைத்து, நேரக்குறியின்படி சீராக ஒலிக்கச் செய்கிறது. தொலைந்ததை மீண்டும் அனுப்பச் சொல்லும் ஏற்பாடே அதில் இல்லை. உரையாடலில் அது வந்து சேர்வதற்குள் பேச்சு கடந்து போயிருக்கும்.

அப்படியானால் இழப்புக்கு என்ன வழி? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உருவான 'ராட்' என்ற ஒலிக்கருவி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய பாக்கெட்டின் தரம் குறைந்த நகலையும் சேர்த்து அனுப்பியது. ஒன்று தொலைந்தாலும் அடுத்தது வந்து ஓரளவு ஈடுகட்டிவிடும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

ஒதுக்கீட்டை இணையத்துக்குள்ளேயே கொண்டுவரும் ஆர்எஸ்விபி என்ற நெறிமுறை 1997இல் வந்தது. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு உரையாடலின் நிலையையும் நினைவில் வைக்க வேண்டியிருந்ததால், பொது இணையத்தில் அது பரவவில்லை. இன்று உலாவியில் நடக்கும் வீடியோ அழைப்புகளுக்கு அடிப்படையான வெப்ஆர்டிசி, ஆர்டிபியைத்தான் பயன்படுத்துகிறது. எனினும் இணையத் தரப்பு கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் வென்றதாக மாணவர்களிடம் சொல்லிவிடாதே. கண்ணாடி இழைகளின் கொள்ளளவு பெருகியதும் அவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது.

அடுத்த பருவத்தில், செயற்கையாக பாக்கெட்டுகளைத் தொலையச் செய்து, நகலோடும் நகலின்றியும் ஒரே பேச்சைக் கேட்டுப் பார்க்கும்படி ஆய்வகப் பயிற்சி ஒன்று வைக்க முடியுமா? எவ்வளவு இழப்பில் பேச்சு புரியாமல் போகிறது என்று அவர்கள் சொல்வதை எனக்கு எழுது.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்