மூன்று அங்குலம் இருக்கட்டும்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வாய்க்காலில் 15ஆம் தேதி தண்ணீர் விட்டார்கள், நம்ம கடைமடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. செவலைக் கிடேரி சினை. மற்றது அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, உன் தோளுக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது. முழங்கால் உயரத்துக்குப் புல், நடுவில் களை கதிர் வாங்கி நிற்கிறது. சனிக்கிழமை ஆனால் மாப்பிள்ளை புல்வெட்டும் மெஷினை வெளியே எடுத்துவிடுவாரே? ரிப்பேரா? வெளியூர் போயிருக்கிறார் என்று போன மாதமும் சொன்னாய். சரி, வேலை அப்படி இருக்கும்.

உங்கள் மினசோட்டாவில் புல் விதைக்க ஆடிப்பட்டம் என்றால் ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரைதான். மண்ணில் சூடு இருக்கும், வெயில் தணிந்திருக்கும். அதைத் தாண்டி விதைத்தால் நாற்று வேர் பிடிப்பதற்குள் பனி வந்துவிடும். வளர்ந்த புல்லை ஒரேயடியாக மழித்துவிடாதே. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு, நாலு நாள் கழித்து மறுபடி. மூன்று அங்குலத்தில் நிறுத்திக்கொள். சொட்டையான இடத்தில் மண்ணைக் கீறி விதை தூவு. கென்டக்கி புளூகிராஸ் புல் முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை மேல்மண் காயக்கூடாது. எல்லாவற்றையும் நீ ஒருத்தியே இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, கண்ணு.

அக்டோபரில் பூண்டு நடு. நீ ஜூலையில் பிடுங்கி அனுப்பிய படத்தை உங்கம்மா சந்தையில் பூண்டுக்காரரிடமே காட்டிவிட்டு வந்தாள். அந்தப் படத்துக்கு அப்புறம் நீயாக ஒரு போன் கூடப் போடவில்லை. குழாயிலிருந்து ஹோஸைக் கழற்ற மறக்காதே, உறைந்தால் வெடித்துவிடும். புல் மூன்று அங்குலம்.

நாங்கள் வந்திருந்தபோது மெஷினை அடிமட்டத்துக்கு இறக்கி ஓட்டியவன் நான்தானே. உன் தாத்தா காலத்துக் கொறங்காட்டில், மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்தவன். கொழுக்கட்டைப் புல்லை அடிக்கட்டை வரை மேயவிட்டால் அடுத்த மழைக்குக் கிளைக்காது என்று தெரிந்தவன். ஜூலை வெயிலில், இந்தப் புல்லுக்கு என்ன வந்தது என்று சிரைத்துவிட்டேன். பத்து நாளில் வைக்கோல் நிறம். மாப்பிள்ளை கேட்டபோது, “நான்தான் வெட்டச் சொன்னேன்” என்று நீ சொன்னாய். நான் காபி டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப்பக்கம் உங்கள் பேச்சு கேட்டது. அதில் புல் பேச்சு கொஞ்சம்தான். உங்கம்மா தூங்கிவிட்டாள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன், அம்மிணி. எழுந்து வரவில்லை. விடிந்தும் கேட்கவில்லை. அவளிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.

விதை போட செப்டம்பர் 15 தாண்டவேண்டாம். என் விசா இன்னும் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீரை உன் சித்தப்பா பார்த்துக்கொள்வார்.

அப்பா