மகளுக்கு, அவசரமில்லாமல்

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்புள்ள மகளுக்கு அப்பச்சி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. அந்தத் தம்பி திருமணம் பற்றிக் கேட்டதையும், நீ இன்னும் பதில் சொல்லாததையும், அவர் ஒருநாள் அலமாரிக் கதவைச் சற்று வேகமாகச் சாத்தியபோது உன் கைகள் நடுங்கியதையும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே நீ மன்னிப்புக் கேட்டதையும் எழுதியிருந்தாய்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். உன் முதல் திருமணத்தின் இசைகுடிமானத்தில், அந்தத் திருமண ஒப்பந்தத்தில், கையெழுத்திட்டவன் நான். உன்னிடம் நான் கேட்டதோ "சம்மதம்தானே" என்ற ஒரே சொல், அதுவும் வீடு நிறையச் சொந்தம் இருக்கும்போது. இரண்டு முறை நீ திரும்பி வந்தாய். இரண்டு முறையும் "அனுசரித்துப் போ" என்று காரைக்குடியில் ரயில் ஏற்றிவிட்டேன். உடம்பில் தழும்பு தெரியாததால் வெறும் மனஸ்தாபம் என்றே நினைத்தேன். வசைச்சொல்லையும், மனைவியின் சம்பளத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வதையும்கூட வன்முறை என்றே 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வகுத்திருக்கிறது என்பதை வழக்கறிஞர் சொல்லித்தான் அறிந்தேன். வட்டிக் கணக்கில் காசு பிசகாமல் பார்ப்பவனுக்கு இது தெரியவில்லை.

நீ ஒரேயடியாக வந்துவிட்ட அந்த ஆண்டில், முகப்புக் கதவின் தாழ்ப்பாள் ஓசை கேட்டாலே எழுந்து நின்றுவிடுவாய். ஆபத்தை உணர்த்தும் மூளையின் பகுதி நாம் யோசித்து முடிப்பதற்குள் உடம்பை உஷார்ப்படுத்திவிடும் என்றும், நெடுநாள் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அது சின்ன ஓசைக்கும் விழித்துக்கொள்ளும் என்றும், எதிர்ப்பது, ஓடுவது, உறைந்துபோவது போலவே முந்திக்கொண்டு பணிந்துபோவதும் தற்காப்புதான் என்றும் மதுரை மருத்துவர் விளக்கினார். அன்று முதல் வளவுக்குள் வரும்போதெல்லாம் செருமிவிட்டு, "ஆத்தா, நான்தான்" என்று சொல்லிவிட்டே வந்தேன். உன் அம்மாகூடச் சிரித்தாள். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மாலை நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய், நான் செருமினேன், நீ தலை நிமிரவே இல்லை. அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

அந்தத் தம்பியிடமும் இதையே பார். இனிக்கப் பேசுகிறாரா என்பது முக்கியமில்லை. முன்னவரும் இனிக்கத்தான் பேசினார். சின்ன விஷயம் ஒன்றில் "இன்று வேண்டாம்" என்று சொல்லிப் பார். அவர் முகம் வாடலாம், தவறில்லை. ஆனால் அதற்காக மூன்று நாள் பேசாமல் இருந்து உன்னைத் தண்டிக்கிறாரா, மறுநாளும் அதே மனிதராக இருக்கிறாரா என்று கவனி. கதவுச் சத்தம் உனக்கு ஆகாது என்பதை நீயே சொல்லிவிடு. முழுக்கதையையும் இப்போதே சொல்லியாக வேண்டும் என்பதில்லை. உன் நடுக்கத்துக்கெல்லாம் அவரே காரணம் என்றும் எண்ணிவிடாதே. பழைய பயம் எது, இப்போதைய எச்சரிக்கை எது என்று பிரித்தறிவதற்காக, அங்கே நீ பார்க்கும் ஆலோசகரிடம் தொடர்ந்து போ.

நம் வழக்கத்தில், மகனுக்குத் திருமணமானதும் ஒரே வீட்டுக்குள் வேறு வைப்போமே, அதை நினைத்துக்கொள். நல்லது கெட்டதுக்கு எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். அடுப்பு மட்டும் தனி, அடுத்தவர் அடுப்பை எட்டிப் பார்ப்பது முறையல்ல. (உன் அப்பத்தா பார்த்தார்கள், அது வேறு கதை.) திருமணத்துக்குப் பிறகும் உன் சம்பளமும் தோழிகளும் உன் அடுப்பாகவே இருக்கட்டும்.

இங்கே உறவினர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. நீ ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டாலும், வேண்டாம் என்றே முடிவு செய்தாலும் சரி. நீ உன் வாயால் சொல்லாமல் நான் எதிலும் கையெழுத்திடமாட்டேன். உன் அறையைப் பெருக்க வேண்டும் என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ எடுத்துப்போன சாவிக்கு நான் மாற்றுச் சாவி செய்யவில்லை. வரும்போது நீயே திறந்துகொள்.

அப்பச்சி