மாரியஸின் மறு கால்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குக் காரணம் என் வலது கால்தான். வெரிகோஸ் (காலில் ரத்தக்குழாய் புடைத்துக்கொள்வது) முற்றிப்போய், லேசர் வைத்துச் சுட்டு அடைத்தார்கள். இறுக்கிப் பிடிக்கிற காலுறையோடு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன்.

படுத்தபடி ரோமாபுரி வரலாறு படித்தேன். அதில் காயஸ் மாரியஸ் என்று ஒரு தளபதி. அவனுக்கும் இதே வியாதி, இரண்டு காலிலும். மயக்க மருந்து ஏது அப்போது? கட்டிப்போட்டு அறுப்பது வழக்கம். இவன் கட்டவே விடாமல், முனகாமல் ஒரு காலைக் கொடுத்தானாம். மறு காலுக்கு வைத்தியர் வந்தபோது, படுகிற வலிக்கு இந்தப் பலன் போதாது என்று நிறுத்திவிட்டான். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். நான் மரத்துப்போக ஊசி போட்டதற்கே கண்ணை மூடிக்கொண்டவன்!

குடியரசைக் கவிழ்த்தது சீசர்தானே என்று கேட்டிருந்தாய். எனக்கென்னவோ அவனுடைய அத்தை ஜூலியாவைக் கட்டிய இந்த மாரியஸிடம்தான் கதை தொடங்குவதாகப் படுகிறது. அர்ப்பினம் என்ற சிற்றூர்க்காரன். முன்னோரில் ஒருவர்கூட கான்சல் (ரோமில் ஆண்டுதோறும் தேர்தலில் வரும் உச்சப் பதவி) ஆனதில்லை. ஆப்பிரிக்காவில் நுமிடியா அரசன் யுகுர்த்தாவோடு நடந்த போரில் மெட்டல்லஸ் என்ற பெரிய வீட்டுப் பிள்ளையின் கீழ் இருந்தான். கான்சல் தேர்தலில் நிற்க ரோமுக்குப் போகிறேன் என்றபோது, என் மகனோடு சேர்ந்து நின்றால் போதாதா என்று மெட்டல்லஸ் நக்கலடித்தார். மகனுக்கு அப்போது சுமார் இருபது வயதுதான்! அந்தக் கோபத்தோடு போய் கி.மு. 107இல் கான்சல் ஆனான். மெட்டல்லஸின் படையையே தன் கைக்கு வாங்கிக்கொண்டான்.

அப்புறம் செய்ததுதான் பெரிய காரியம். சொத்துள்ளவன்தான் சிப்பாய் என்பது பழைய வழக்கம். அந்த வரம்பு ஏற்கெனவே தேய்ந்துகொண்டுதான் வந்தது. இவன் ஒன்றுமில்லாதவர்களையும் வரலாம் என்று சேர்த்துக்கொண்டான். போர் முடிந்தால் திரும்பிப்போக அவர்களுக்கு வயல் இல்லை. நிலம் யார் வாங்கித் தருவது? தளபதிதான். அதனால் அவர்கள் நாட்டைவிடத் தளபதியையே நம்பினார்கள். கி.மு. 103இல் சட்டம் போட்டு, அவனுடைய பழைய வீரர்களுக்கு ஆப்பிரிக்காவில் நிலம் ஒதுக்கினார்கள்.

இதற்கிடையில் கி.மு. 105இல் அராசியோவில் வடக்கத்திக் குடிகளிடம் ரோமப் படை நாசமானது. 80,000 பேர் செத்ததாகப் பழைய கணக்கு. பயத்தில், ஒருவனே அடுத்தடுத்து கான்சல் ஆகக்கூடாது என்ற சட்டத்தையெல்லாம் மறந்து, 104 முதல் 100 வரை வரிசையாக ஐந்து தடவை அவனையே கான்சல் ஆக்கினார்கள். 102இலும் 101இலும் அவன் ஜெயித்தும் காட்டினான்.

ஆனால் அதே வித்தை அவன் தலையிலேயே விடிந்தது. கி.மு. 88இல் கிழக்குப் போருக்கான தலைமையை, அவனிடம் ஒருகாலத்தில் வேலை பார்த்த சுல்லாவிடமிருந்து பிடுங்கி, எழுபதை நெருங்கிய இவனுக்குக் கொடுத்தார்கள். சுல்லா படையை ரோமின் மீதே திருப்பினான். அதிகாரிகளில் ஒருவன் தவிர எல்லோரும் விலகிவிட்டார்கள். சிப்பாய்கள் விலகவில்லை, கிழக்கே கிடைக்கும் கொள்ளை கைநழுவிப் போய்விடுமே! மாரியஸ் சதுப்பு நிலத்தில் ஒளிந்து, ஆப்பிரிக்காவுக்குத் தப்பி, அடுத்த வருஷம் திரும்பி வந்து ரத்தக்களரி நடத்தினான். 86இல் ஏழாவது முறை கான்சல் ஆகி, மூன்று வாரத்துக்குள் செத்தும் போனான்.

சரி, உன் தென்னைக்கு வண்டு விட்டதா? தங்கச்சி எப்படி இருக்கிறாள்? அடுத்த மாதம் இடது காலையும் பார்த்துவிடலாம் என்கிறார் டாக்டர். மாரியஸ் சொன்ன பதிலையே சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்