கடைசியில் நானும் கட்டத்துக்குள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, கை ரெண்டும் ஊசியில் மாட்டிக்கொண்டிருந்தன. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "நிறங்களையெல்லாம் யாரோ கழுவி வைத்த மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். நீ மறப்பாய் என்று எனக்குத் தெரியும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மறுபடி ஊசியும் நூலுமாகப் பின்ன ஆசையாக இருக்கிறது, ஆனால் இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் கட்டம் கட்டமாக சார்ட் போட்டிருக்கிறார்கள், பார்த்தாலே தலை சுற்றுகிறது, நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. போன வருஷம் வரை நானும் சார்ட்டைத் தொட்டதில்லை. உன் எதிரில் தெரிந்த மாதிரி தலையாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். இருபது வருஷமாக எழுத்துக் குறிப்புதான் எனக்கு. (ஊசியில் நிற்கிற ஒவ்வொரு நூல் சுற்றும் ஒரு கண்ணி. வழவழப்பாகத் தெரிவது நிட், மேடாகத் தெரிவது பர்ல், ஒன்றின் மறுபக்கம்தான் மற்றது.) 'நிட் 3, பர்ல் 2, நிட் 5' என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போவேன். நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு. விட்ட இடம் தெரியாது, மறுபடி முதல் கண்ணியிலிருந்து எண்ண வேண்டும்.

பேத்தி பிறக்கப் போகிறாள் என்றதும் ஒரு போர்வை பின்ன உட்கார்ந்தேன். எனக்குப் பிடித்த வைர வடிவத்துக்கு எழுத்துக் குறிப்பே இல்லை, சார்ட் மட்டும்தான். சரி, என்ன பெரிய வித்தை என்று 67 கண்ணி ஏற்றினேன். வெற்றுக் கட்டம் என்றால் நிட், புள்ளி வைத்த கட்டம் என்றால் பர்ல் என்று ஓரத்தில் போட்டிருந்தது. அப்படியே செய்தேன். வெற்றுக் கட்டம் வந்தால் நிட், புள்ளி வந்தால் பர்ல், வரிசைக்கு வரிசை. 30 வரிசை முடித்துத் துணியைத் தூக்கிப் பார்த்தால் வைரத்தைக் காணோம்! முழுக்க ஒரே மேடு மேடாக, குட்டையாக, வெறும் கார்ட்டர் பின்னல்.

யோசித்துப் பார், ஏன் என்று உனக்கே தெரியும். வைரத்தைச் சுற்றியுள்ள தரைப் பகுதியில் முன்பக்க வரிசையிலும் நிட், பின்பக்க வரிசையிலும் நிட். எல்லா வரிசையிலும் நிட் போட்டால் கார்ட்டர்தானே வரும்? வைரத்துக்குள்ளே ரெண்டு பக்கமும் பர்ல். எல்லா வரிசையிலும் பர்ல் போட்டாலும் அதே கார்ட்டர்தான்! வைரம் தரையோடு கரைந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்து உற்றுப் பார்த்தால் வைரம் இருக்க வேண்டிய இடத்தில் மேடுகள் ஒரே ஒரு வரிசை தள்ளி நிற்பது தெரியும். அதைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சார்ட் என்பது துணியின் முகம். முடிந்த துணியை முன்பக்கமிருந்து பார்த்தால் ஒவ்வொரு கண்ணியும் எப்படித் தெரிய வேண்டுமோ, அது அந்தக் கட்டத்தில் இருக்கிறது. பின்பக்கம் திருப்பிப் பின்னும்போது முகம் அந்தப் பக்கம் இருப்பதால், முன்னால் நிட்டாகத் தெரிய வேண்டிய இடத்தில் நாம் பர்ல் போட வேண்டும். புள்ளிக் கட்டத்தில் நிட். எழுத்துக் குறிப்பில் இதை நமக்காக யாரோ முன்கூட்டியே மாற்றி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாமலே ஓடியது.

படிக்கிற திசையும் அப்படித்தான். கீழேயிருந்து மேலே போக வேண்டும், துணி அப்படித்தானே வளர்கிறது. முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இடது ஊசியில் முதலில் நிற்கிற கண்ணி துணியின் வலது ஓரம். திருப்பியதும் இடமிருந்து வலம். ஏர் ஓட்டுகிற மாதிரி, ஒரு சால் இப்படிப் போனால் அடுத்த சால் அப்படி. வரிசை எண் எந்த ஓரத்தில் அச்சாகியிருக்கிறதோ அங்கேயிருந்து தொடங்கு, குழப்பமே வராது. (உன் தங்கை இடது கையால் பின்னுவாளே, கண்ணியை எதிர்ப்பக்கமாக நகர்த்துகிறவள் என்றால் அவளுக்கு எல்லாமே தலைகீழ். சொல்லி வை.)

வட்ட ஊசியில் தொப்பி மாதிரி சுற்றிப் பின்னினால் இந்தத் தொல்லையே கிடையாது. எப்போதும் முன்பக்கம்தான் உன்னைப் பார்க்கும், எல்லா வரிசையும் வலமிருந்து இடம், புள்ளி என்றால் என்றைக்கும் பர்ல். அதனால் நீ தொப்பியில் ஆரம்பி என்பதுதான் என் யோசனை.

கட்டங்களைச் சுற்றித் தடித்த கோடு போட்டிருப்பார்களே, அது திரும்பத் திரும்பப் பின்ன வேண்டிய பகுதி. '8-இன் மடங்கு, கூட 3' என்றால் கோட்டுக்குள் 8 கட்டம், வெளியே ரெண்டு ஓரத்துக்குமாக 3. என் 67 அப்படி வந்ததுதான், எட்டெட்டு 64, மேலே 3. ஒவ்வொரு எட்டுக்கும் ஊசியில் ஒரு வளையம் மாட்டிவிடு. எங்கேயாவது ஏழு வந்தால் அந்த எட்டுக்குள்தான் தப்பு, 67-ஐயும் எண்ண வேண்டியதில்லை.

அப்புறம் அந்தச் சாம்பல் நிறக் கட்டம். அதைப் பார்த்து நான் ஒரு கண்ணியைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன், வெட்கக்கேடு. அங்கே கண்ணியே இல்லையாம்! இலை வடிவம் மாதிரி, ஒரு கண்ணியில் தொடங்கி ஒன்பதாகி மறுபடி ஒன்றாகிற டிசைனில், வளராத வரிசைகளில் இடத்தை நிரப்ப வைத்திருக்கிற வெறும் கட்டம் அது. பார்க்காத மாதிரி தாண்டிப் போ.

ஆனால் சார்ட்டின் அருமை லேஸில், அந்த ஓட்டை ஓட்டையான பின்னலில்தான் தெரிகிறது. வட்டம் போட்டிருந்தால் நூலைச் சுற்றி ஓட்டை விட வேண்டும். சாய்கோடு என்றால் ரெண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். கோடு எந்தப் பக்கம் சாய்கிறதோ கண்ணியும் அந்தப் பக்கம்தான் சாயும், படமே சொல்லிவிடுகிறது. கண்ணி எண்ணிக்கை மாறாத டிசைனில் ஒரு வரிசைக்கு எத்தனை வட்டமோ அத்தனை சாய்கோடு இருக்க வேண்டும். மூன்றை ஒன்றாக்குகிற குறி இருந்தால் அதை ரெண்டாக எண்ணு. பின்னுவதற்கு முன்பே விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிடுவேன், அச்சுப்பிழை இருந்தால் அங்கேயே மாட்டும். பல லேஸ் சார்ட்டுகளில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிசை மட்டும் இருக்கும். பயப்படாதே, பின்பக்கம் முழுக்க பர்ல் என்பதால் இரட்டைப்படையை வரையாமல் விட்டிருப்பார்கள். அப்படித்தானா என்று குறிப்பில் ஒரு தடவை பார்த்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சால்வை, பின்பக்க வரிசை, பர்ல் போட்டுக்கொண்டே வருகிறேன். ஒரு வளையத்துக்குள் ஒரு கண்ணி குறைகிறது. முன்பெல்லாம் என்றால் அழுதுகொண்டே ரெண்டு வரிசை பிரித்திருப்பேன். இப்போது ஊசியில் நிற்கிற கண்ணிகளையும் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாய்ந்த கண்ணி இருக்கிறது, நடுக் கண்ணி இருக்கிறது, அதற்கப்புறம் வட்டம் வர வேண்டும், வரவில்லை. நூல் சுற்ற மறந்திருக்கிறேன். ரெண்டு கண்ணிக்கும் நடுவே கீழே படுத்திருந்த நூலை ஊசி முனையால் தூக்கி இடது ஊசியில் போட்டு அதையே பர்ல் செய்தேன். முடிந்தது! அந்த ஓட்டை மற்றதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், நான் காட்டினால் ஒழிய யார் கண்ணுக்கும் தெரியாது. உனக்குக் காட்ட மாட்டேன்.

சார்ட்டையே கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. அலை அலையாக வருமே, 18 கண்ணி, 4 வரிசை, நாம் சின்ன வயதில் பின்னிய மஃப்ளர்? அதன் சார்ட்டைப் பார்த்தால் நேர்க்கோடாக, கொஞ்சம்கூட வளைவில்லாமல் இருக்கிறது. மூன்றாம் வரிசையில் மட்டும் வேலை. முதலில் மூன்று முறை ரெண்டைச் சேர்த்து நிட், பிறகு ஆறு முறை நூல் சுற்றி ஒரு நிட், மறுபடி மூன்று முறை ரெண்டைச் சேர்த்து நிட். ஆறு குறைகிறது, ஆறு கூடுகிறது, 18 அப்படியே நிற்கிறது. குறைவதெல்லாம் ஒரு பக்கம், கூடுவதெல்லாம் இன்னொரு பக்கம் குவிந்திருப்பதால் துணி தானாக நெளிகிறது. கட்டத்தாளால் நெளிய முடியாதே. அதனால் சார்ட் மட்டும் கொடுத்துத் துணியின் புகைப்படம் கொடுக்காதவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

குறிகள் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது, ஓரத்திலுள்ள விளக்கத்தை முதலில் படி. ஒருவர் பர்லுக்குப் புள்ளி வைப்பார், இன்னொருவர் படுக்கைக் கோடு போடுவார். இந்த விஷயத்தில் ஜப்பான்காரர்கள் கெட்டிக்காரர்கள். பின்னல் குறிகளுக்கே நாட்டின் தொழில்தரப் பட்டியலில் இடம் கொடுத்து, நிட்டுக்கு நின்ற கோடு, பர்லுக்குப் படுத்த கோடு என்று நிலைப்படுத்திவிட்டார்கள். ஜப்பானிய எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாமல் ஒரு ஜப்பானியப் புத்தகத்திலிருந்து ஒரு ஜோடிக் கையுறை பின்னியிருக்கிறேன், தெரியுமா! ஆங்கிலத்தில் எழுத்துக்குத்தான் வெகுநாள் செல்வாக்கு. அமெரிக்காவின் பார்பரா வாக்கர் 1968-இலும் 1970-இலும் வெளியிட்ட பெரிய தொகுப்புகள் பெரும்பாலும் எழுத்துக் குறிப்பில்தான் இருந்தன. 1972-இல் மூன்றாவதை முழுக்க சார்ட்டாகவே கொண்டுவந்தார். அவரே மாறியிருக்கிறார், நான் மாற அரை நூற்றாண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

போர்வைக் கதையை முடிக்கவில்லையே. வைரங்களை ஒழுங்காகப் பின்னி முடித்தேன். நடுவில் ஒரு வெற்றுச் சதுரம் விட்டு அதில் 'அ' போடலாம் என்று ஆசை. கிராஃப் தாளில் 22 கட்டம் அகலம், 22 கட்டம் உயரத்தில் அழகாக, உருண்டையாக வரைந்தேன். மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தால் 'அ' மேல் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி நசுங்கியிருக்கிறது. என் கைக்கு 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி, ஆனால் 30 வரிசை. கண்ணி உயரத்தைவிட அகலம் அதிகம், கட்டமோ சதுரம். அகலம் 10 வந்தது, உயரம் ஏழு சொச்சம்தான். அகலத்தில் மூன்று கட்டத்துக்கு உயரத்தில் நாலு என்று கணக்குப் போட்டு, தாளில் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நெட்டையாக ஒரு 'அ' வரைந்தேன். துணியில் அது சரியான 'அ' ஆகிவிட்டது. அந்தச் சுழி மட்டும் மூன்று தடவை அழித்து எழுதினேன். நேர்க்கோட்டு எழுத்து வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

முதலில் ரெண்டு நிற நூலையும் சேர்த்தே பின்னினேன். பின்னால் நூல் நீளநீளமாகத் தொங்கியது, குழந்தையின் விரல் மாட்டினால் என்ன ஆவது? பிரித்துவிட்டு, சதுரத்தை ஒரே நிறத்தில் பின்னி, தையல் ஊசியில் சிவப்பு நூல் கோத்து ஒவ்வொரு கண்ணியின் தடத்திலேயே மேலாக ஓட்டிவிட்டேன். பேத்திக்கு இப்போது ஏழு மாதம். அந்த 'அ'-வைத்தான் வாயில் வைத்துச் சப்புகிறாள்.

உன் கண்ணுக்காகக் கடைசியாக ஒன்று. சார்ட்டைப் பெரிதாக நகலெடுத்துக்கொள். பின்னுகிற வரிசையைக் காட்ட அட்டை வைக்கும்போது அதைக் கீழே வைக்காதே, மேலே வை. இனிமேல் வரப்போகிற வரிசைகள் மறையட்டும். முடித்த வரிசைகள் தெரிந்தால்தான், இந்தச் சாய்கோடு கீழே இருக்கிற எந்த ஓட்டைக்கு மேல் உட்காருகிறது என்று பார்த்துப் பார்த்துப் போக முடியும்.

இதோடு தொப்பிக்கு ஒரு சார்ட் வைத்திருக்கிறேன். தடித்த பேனாவில், கட்டைவிரல் நகம் அளவுக் கட்டங்களில் நானே வரைந்தது. பழுப்பு நூல் கொஞ்சமும் இருக்கிறது, முதல் முயற்சிக்குப் போதும். 11-ஆம் வரிசையை மட்டும் பின்னுவதற்கு முன் எண்ணிப் பார். அங்கே ஒரு வட்டம் அதிகமாகப் போட்டுவிட்டேனோ என்று சந்தேகம், அழிக்கப் போனால் தாள் கிழிந்துவிடும் போலிருந்தது.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழி