கூட்டை எரித்து எடுத்த தேன் எங்கள் கடையில் ஏன் இல்லை?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "மூதூர்ப் பக்கத்துக் காட்டுத்தேன் வந்ததா?" என்று கடைக்கு வருகிற பலரும் கேட்கிறீர்கள். வருகிறது. ஆனால் வருவதையெல்லாம் நாங்கள் வாங்குவதில்லை. இரவில் பந்தம் கொளுத்தித் தேன்பூச்சிகளைச் சுட்டுவிட்டு, அடையை முழுதாக வெட்டிப் பிழிந்த தேன் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறோம். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் தொங்குகிற பெருந்தேனீ ஒரே ஓர் அடைதான் கட்டும். அதில் தேன் இருப்பது கிளையை ஒட்டிய மேற்பகுதியில். அதற்குக் கீழே முட்டையும் புழுவுமாகக் குஞ்சுகள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிந்தால் புழுவின் சாறும் தேனில் கலந்துவிடும். போத்தல் கலங்கலாக இருக்கும், சீக்கிரமே புளித்து நுரைக்கும். அதையே பகலில் இலேசாகப் புகை காட்டி, தேன் உள்ள துண்டை மட்டும் அறுத்தெடுத்தால் தேனும் சுத்தம், குஞ்சுகளும் பிழைக்கும். அப்படி எடுத்துவருகிறவர்களுக்குக் கூடுதல் விலை கொடுத்தே வாங்குகிறோம். காட்டுத்தேன் விலை கூட இருப்பதற்கு அதுதான் காரணம்.

பெட்டித்தேன் என்பது, மரப்பொந்துகளில் கூடு கட்டும் பொந்துத் தேனீயைப் பெட்டியில் வளர்த்து எடுப்பது. பெட்டியின் கீழ் அறை குஞ்சுகளுக்கு, மேல் அறை தேனுக்கு. பூவிலிருந்து வரும் சாற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். பூச்சிகள் இறக்கையால் விசிறி விசிறி, ஐந்தில் ஒரு பங்கு நீர் மிஞ்சும் அளவுக்கு அதை வற்றவைத்து, பிறகுதான் மெழுகால் மூடும். அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தில் முக்கால்வாசித் தேன் கண்களாவது மூடியிருந்தால்தான் எடுக்கலாம். அவசரப்பட்டு எடுத்தால் அது தண்ணித் தேன்.

மாரி மழை பிடித்துவிட்டால் பூச்சிகளால் வெளியே போக முடியாது. சேர்த்துவைத்ததைத் தின்றுதான் தை வரை தாக்குப்பிடிக்க வேண்டும். நாம் வழித்தெடுத்துவிட்டால் பட்டினி. பொந்துத் தேனீ பட்டினி பொறுக்காது, பெட்டியை விட்டே கிளம்பிவிடும். அதனால் மழை மாதங்களில் எங்களிடம் தேன் குறைவாகத்தான் இருக்கும். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் செய்கிற வாடிக்கையாளர்களிடம் ஒன்று கேட்கிறோம். வத்தகை, பூசணி, வெள்ளரி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் பிஞ்சு போல் ஒரு சிறு உருண்டை இருக்கும். பூச்சி பலமுறை வந்து மகரந்தம் போட்டால்தான் அது ஒழுங்காகத் திரளும். இல்லாவிட்டால் ஒருபக்கம் சூம்பிப் போகும், அல்லது உதிர்ந்துவிடும். இந்தப் பூக்கள் விரிந்திருப்பது காலையில். அந்த நேரத்தில் மருந்தடித்தால் காய் தரவந்த பூச்சியைத்தான் கொல்கிறோம். மருந்து கட்டாயம் என்றால், பூ மூடியபின் பொழுதுபட அடியுங்கள்.

அடிக்கடி வருகிற கேள்விக்கும் இங்கேயே பதில்: போத்தலின் அடியில் தேன் சீனிபோல் உறைந்தால் அது கலப்படம் அல்ல. நல்ல தேனும் உறையும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் போத்தலைச் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்காதீர்கள், நாக்கில் தொட்டுவைப்பதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து அந்த வயதில் ஆபத்தானது.

கடைசியாக, வளவில் திடீரென்று பூச்சிகள் கொத்தாக வந்து மாமரத்திலோ வேப்பமரத்திலோ தொங்கினால் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேட வேண்டாம். அது பெரும்பாலும் ராணியோடு புதுவீடு தேடிப் போகிற கூட்டம். காக்கக் குஞ்சும் இல்லை, தேனும் இல்லை. சீண்டாவிட்டால் கொட்டுவது அரிது. ஓரிரு நாளில் தானாகவே போய்விடும். பிள்ளைகளைக் கல்லெறிய விடாதீர்கள். ஒரு பூச்சி கொட்டினால் அதன் வாசனை மற்றவற்றையும் கூப்பிடும். உடனே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள், கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கூட்டம் போகாமல் சுவர்ப் பொந்திலோ கூரையிலோ குடியேறிவிட்டால் கடையில் வந்து சொல்லுங்கள். பெட்டி வைத்திருக்கிற ஒருவரைப் பின்னேரம் அனுப்பி, உயிரோடு எடுத்துப்போகச் செய்கிறோம். அதற்குக் காசு வாங்குவதில்லை.

அன்புடன்,
தேன்கடையார்
திருகோணமலை