தொலைநோக்கு இருக்கட்டும், காலடியில் சிலாப் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த புதன்கிழமை இதழில், மூன்றாம் பக்கத்தில், எங்கள் நகராட்சி வெளியிட்ட 'தொலைநோக்கும் விழுமியங்களும்' என்ற புத்தகத்தைப் பற்றி அரைப் பக்கத்துக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். எந்த ஊர் என்று நான் எழுதவில்லை. மூன்றாம் பக்கம் போட்டவருக்குத் தெரியாததா? படத்தில் எட்டுப் பேர் ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். செய்தியின் முதல் வரியே, "ஒவ்வொரு குரலுக்கும் செவிமடுக்கும் நகராட்சியாக 2045-க்குள் உருவெடுப்போம்" என்பதுதான்.

எனக்கு இப்போது 67 வயது. அவர்கள் காதைத் தீட்டி முடிக்கும் 2045-ல் எனக்கு 86 ஆகிவிடும். அப்போது எனக்குக் காது கேட்குமா என்பது சந்தேகம்.

நான் 34 வருடம் இதே ஊரில் தபால்காரனாக வேலை பார்த்தவன். யார் எதை எழுதினாலும் உறையோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு; படித்துக் கருத்துச் சொல்வது என் வேலை இல்லை. ஆனாலும் அந்த ஒரு வரி தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படலாம் என்று நகராட்சி அலுவலகத்துக்குப் போய் ஒரு பிரதி கேட்டேன். "இது விழாவுக்கு வந்த விருந்தினர்களுக்கு மட்டும் அடிச்சது சார், பொதுமக்களுக்கு இல்லை" என்றார் மேசையில் இருந்த தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார், குறை சொல்ல மாட்டேன். மறுநாள் பேருந்து நிலைய டீக்கடையில் அதே புத்தகம் கிடந்தது. வடை மடிக்கக் கிழிக்கப் பார்த்திருக்கிறார் கடைக்காரர். தாள் வழவழப்பு, எண்ணெயை இழுக்கவில்லை. "உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க" என்று கொடுத்துவிட்டார்.

கையில் எடுத்ததும் பழக்கதோஷம், எடை என்ன வரும் என்று தோன்றியது. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 410 கிராம். இருபது வருட எதிர்காலம் அவ்வளவுதான்.

உள்ளே ஐந்து விழுமியங்கள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு பூ. முதலில் நிற்பது செவிமடுத்தல். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எங்கள் தெருமுனையில் சாக்கடைமேல் இருந்த சிலாப் 2022 ஐப்பசியில் எம்-சாண்ட் லாரி ஏறி உடைந்தது. இரண்டடிக்கு இரண்டரை அடி ஓட்டை. முதலில் யாரோ ஒரு முருங்கைக் கொம்பை நட்டார்கள். அது பட்டுப்போனதும் நான் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். மழைக்கு அது போய்விட்டது. அப்புறம் எதிர்வீட்டு அம்மா மூங்கில் கழியில் சிவப்புச் சேலைத் துண்டைக் கட்டி விட்டார்கள். கம்பு வெளுத்துப்போய் இன்றைக்கும் நிற்கிறது. புதிதாக ஊருக்கு வருகிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஏதாவது கோயில் கொடியா என்று கேட்டார்.

நேரில் இரண்டு மனு கொடுத்தேன். 2023 மார்ச்சில் பதிவுத் தபாலில் ஒன்று அனுப்பினேன். ஒப்புகை அட்டை ஊதா முத்திரையோடு நான்காம் நாளே திரும்பி வந்தது. அதில் எங்கள் இலாகா தவறவில்லை. பதில்தான் வரவில்லை. 2025-ல் பதிவுத் தபாலையே விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். என் மனு அந்தச் சேவையை விட நீண்ட ஆயுசோடு இருக்கிறது.

அடுத்து, திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குக் கலெக்டர் அலுவலகம் போனேன். இரண்டு மணி நேரம் வரிசை. மனுவை வாங்கி, உரிய நடவடிக்கைக்கு என்று எழுதி, நான் யாரைப் பற்றிக் குறை சொன்னேனோ அவர்களுக்கே அனுப்பி வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து செல்போனுக்குக் குறுஞ்செய்தி: தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டை இருந்தது. கம்பும் இருந்தது. மனு மட்டும் முடிந்திருந்தது.

அந்த மார்கழியில் என் வீட்டுக்காரி விடியற்காலை ஐந்தரைக்குப் பால் வாங்கப் போனாள். தெருவிளக்கு எரியவில்லை (அது தனி மனு, அதை இங்கே இழுக்கவில்லை). ஓட்டை இருப்பது தெரிந்தவள்தான், ஒதுங்கித்தான் நடந்திருக்கிறாள், மூங்கில் கழி தடுக்கிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு, ஆறு வாரம் என் சமையல். என் ரசத்தைப் பற்றி அவள் சொன்னதை உங்கள் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. செவிமடுத்தல் என்ற பக்கத்தில் தாமரைப் பூ போட்டிருக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாவுக்கட்டுதான் தெரிகிறது.

மூன்றாவது விழுமியம் பாரம்பரியமாம். அதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டின் படம். ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த மரபில் வந்தவர்கள் நாம் என்று ஒரு பத்தி. படம் போட்டவர்கள் கல்வெட்டைப் படித்திருக்க வேண்டும், அல்லது படித்தவர்கள் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கே போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். முதலாம் பராந்தகன் காலம். அந்தச் சுவரில் என்ன இருக்கிறது தெரியுமா? வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி ஓலைக்கு நிற்கக் கூடாது. அவன் மட்டும் இல்லை, அவனுடைய சொந்தக்காரர்களும் நிற்கக் கூடாது. ஒரு வாரியத்துக்குப் பதவிக்காலம் 360 நாள். எங்கள் ஊரில் இந்த விதியை வைத்தால் புதன்கிழமைப் படத்தில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சபையில் இடம் பெறச் சொந்த நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். என் பாட்டன் முப்பாட்டனை அந்தக் குடத்தின் பக்கத்திலேயே விட்டிருக்க மாட்டார்கள். ஆகவே அந்த மரபைப் பற்றி எனக்குப் பெரிய கண்ணீர் எல்லாம் இல்லை. ஆனால் ஏரி வாரியம் என்று தனியாக ஆள் வைத்து ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதைக் கேட்டால் பொறாமையாக இருக்கிறது. எங்கள் பெரியகுளத்தின் மேல்கரையில் இன்றைக்குக் கோழிக்கழிவைக் கொட்டுகிறார்கள்.

பசுமை என்றும் ஒரு விழுமியம் உண்டு. விழாவில் டீ கொடுத்தது பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பில். 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் அதற்குத் தடை. உங்கள் நிருபரும் அதில்தான் குடித்திருப்பார், விடுங்கள்.

2003-ல் மழைநீர்த் தொட்டி கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று அறிவித்தார்கள். அப்போது என் சம்பளத்துக்கு அது பெரிய செலவு. ஆனாலும் கட்டினேன், நல்ல காரியம் என்றுதான் கட்டினேன். அந்த வருடம் கிணறு ஊறியது. ஆனால் எங்கள் ஊர் நகராட்சிக் கட்டட மொட்டைமாடித் தண்ணீர் பல வருடம் நேராக வாசலில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. தபால் கொடுக்கப் போகும்போது நனைந்தவன் நான்தான்.

கதவு எண் விஷயம் இதைவிடக் கொடுமை. என் பணிக்காலத்திலேயே இரண்டு முறை மாற்றினார்கள். பழைய எண்ணை அழிக்கவும் இல்லை, புதிய எண்ணை எல்லா வீட்டிலும் எழுதவும் இல்லை. ஒரு பையனுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதத்தைப் புதிய எண்ணை நம்பி நான்கு வீடு தள்ளிப் போட்டுவிட்டேன். பூட்டிய வீடு. கடிதம் அவர் கைக்குப் போனபோது தேர்வு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இப்போது அவர் காய்கறி மொத்த வியாபாரம், வசதியாகத்தான் இருக்கிறார். என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிப்பார். அவர் விசாரிக்காமல் போனால் எனக்கு நிம்மதியாக இருக்கும். இப்போது இந்தப் புத்தகத்தின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், எல்லா வீட்டுக்கும் க்யூஆர் பலகையோடு புதிய எண் என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாவது முறை.

நீங்கள் நடுநிலையானவர், நகராட்சிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, எல்லாம் சென்னையிலிருந்து வருகிறது என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை எங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான். 2022 பிப்ரவரி 19 அன்று வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். ஏப்ரலில் சொத்து வரி ஏறியது, 1,100 சதுர அடி வீட்டுக்கு ஐம்பது சதவீதம். அதுவும் அரசாணை, இவர்கள் கையில் இல்லை. நான் முதல் ஆளாகப் போய்க் கட்டினேன், ரசீது இருக்கிறது. ஆனால் 74-வது திருத்தத்தோடு அரசியல் சட்டத்தில் நகராட்சிகளுக்கென்று 18 வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் தெருவிளக்கு உண்டு, சுகாதாரம் உண்டு, சுடுகாடு உண்டு. விழுமியம் என்று ஒன்று கிடையாது. இல்லாததைச் செய்ய ஆள், பணம், வழவழத் தாள் எல்லாம் கிடைக்கிறது. இருப்பதைச் செய்ய ஒரு சிமெண்ட் சிலாப் கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் நீங்கள் அறிவீர்கள். வார்டுகளில் பகுதி சபை நடத்த வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. அந்த நவம்பர் 1-ஆம் தேதி முதலமைச்சரே பம்மலில் போய் உட்கார்ந்து மக்கள் பேசியதைக் கேட்டார், எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. எங்கள் வார்டிலும் சபை ஒழுங்காக நடந்துகொண்டிருப்பதாக அந்த 410 கிராமில் எழுதியிருக்கிறது. எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. எதிர்வீட்டு அம்மா நாள் முழுக்கத் திண்ணையில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது என்றால் எங்கே நடந்ததோ. முப்பத்து நாலு வருடத்தில் இந்த ஊரில் ஒரு துக்கக் கடிதம்கூட எனக்குத் தெரியாமல் போனதில்லை.

2045 வரை காத்திருக்கும் ஊரின் தலையெழுத்தை மாற்றச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் பத்திரிகையில் இரண்டாம் பக்க ஓரத்தில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்று போடுகிறீர்களே, அதில் கோயில் சொற்பொழிவுக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் நடுவில், எங்கள் வார்டுப் பகுதி சபை அடுத்து எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணிக்கு என்று விசாரித்து ஒரு வரி போடுங்கள். சேலைத் துண்டு கட்டிய அந்தக் கம்பையும் எடுத்துக்கொண்டு நான் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
பழைய எண் 14, புதிய எண் 37, அதற்கும் புதிய எண் 22பி
(பதில் அனுப்பினால் மூன்றையும் எழுதவும்)