ஆய்வேட்டில் மூழ்கிய மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. உபதேசியார் உன்னைக் கேட்டார். மணிக்கூண்டுக் கணக்கு இன்னும் பாக்கியாம்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் என்னைத் தூங்கவிடவில்லை. தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுளை, அந்தத் திரித்துவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய், ஆனால் கோயிலில் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை என்கிறாய். அதோடு விட்டாயா? கேள்விகளுக்கெல்லாம் விடை தெரிந்தபிறகு ஜெபித்துக்கொள்ளலாமாம்! அப்படி ஒரு நாள் வரவே வராது மாப்ளே.

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் கன்னியாஸ்திரீ, புனிதை அவிலா தெரேசம்மாளின் தன்வரலாற்றை எடுத்துப் பார். பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கிய நேரம் தவிர, கையில் புத்தகமில்லாமல் ஜெபத்துக்கு உட்காரவே பல வருஷம் பயந்தவர் அவர். மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இருந்தும் தன்னைக் கட்டாயப்படுத்திப் போய் உட்கார்ந்தார். 1559-இல், மதக்கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்த ஸ்பெயின் விசாரணை மன்றத்தின் தலைவர் வால்தேஸ் தாய்மொழி ஆன்மிக நூல்கள் பலவற்றைத் தடைசெய்தார். ஆசையாகப் படித்தவை கைவிட்டுப் போனதே என்று தவித்தவருக்கு ஆண்டவர் சொன்னாராம்: "வருந்தாதே, உயிருள்ள புத்தகம் ஒன்றை உனக்குத் தருவேன்."

படிப்பை அவர் இளக்காரமாக நினைத்தவர் அல்ல. அரைகுறையாகப் படித்த ஆன்மகுருக்களால்தான் தனக்குக் கேடு வந்தது என்று எழுதியவர். நன்கு கற்ற குருக்களைத் தேடிப்போய் ஆலோசனை கேட்டவர். திருச்சபை மறைவல்லுநர், அதாவது சபை முழுவதற்கும் ஆசான், என்று அறிவித்த முதல் பெண்ணும் அவரே, 1970-இல். ஆகவே ஆய்வேட்டை மூட்டை கட்டு என்று நான் சொல்லவே இல்லை. உன் படிப்பு எங்களுக்கு வேண்டும். வரிசைதான் தலைகீழாகிவிட்டது.

நம்மை நேசிக்கிறவரோடு அடிக்கடி தனித்திருந்து நட்பாகப் பேசுவதே ஜெபம் என்கிறார் அவர். நிறைய யோசிப்பதைவிட நிறைய நேசிப்பதுதான் முக்கியம் என்று 1577-இலும் எழுதினார். பள்ளிக்கூடத் திண்ணையில் நாம் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தோமே, நட்பு என்றால் என்ன என்று முடிவு கட்டிவிட்டா உட்கார்ந்தோம்?

நாளைக் காலை நூலகத்துக்கு முன்னால் கோயிலுக்குப் போ. நற்செய்தி கையில் இருக்கட்டும், தெரேசம்மாளே புத்தகத்தோடு போனவர்தானே. மனம் ஓடினால் ஓடட்டும், நீ எழுந்துவிடாதே. எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. அடுத்த அத்தியாயத்தையும் சேர்த்து அனுப்பு, படிக்கக் காத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
உன் மச்சான்